25 கிளப் மாறிய கோல்கீப்பர்: ஓடுகாலியா, தொழில்காரரா?

ஒரு வாசகர் கேட்டது: "ஒரு கோல்கீப்பர் 25 கிளப் மாறியிருக்கார்னா என்ன அர்த்தம்? எங்கேயும் நிலைக்கலைன்னுதானே? நல்ல கீப்பரை எந்த கிளப்பும் விடாது. இந்த ஜெர்மன்காரர் ஃபான்னன்ஷ்டீலை ஏதோ சாதனையாளர் மாதிரி கொண்டாடுறாங்க. எனக்குப் புரியலை. யாராவது விளக்குங்க."

14 ஜனவரி 2024, இரவு 10.40

நானும் கால்பந்து கீப்பர்தான். அதாவது, இருந்தேன். அதனால் இந்தக் கேள்வி கொஞ்சம் சுட்டது.

ஃபார்வர்டில் மூன்று பேர் ஆடலாம், நடுக்களத்தில் நான்கு பேர் ஆடலாம். ஒருத்தன் சரியில்லை என்றால் இடது பக்கம் தள்ளிப் பார்க்கலாம், கடைசி இருபது நிமிடம் இறக்கிப் பார்க்கலாம். கீப்பர் ஒருத்தன்தான். அவன் விரல் உடையாதவரை, சிவப்பு அட்டை வாங்காதவரை அடுத்தவன் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். ஸ்ட்ரைக்கர் கிளப் மாறுவதையும் கீப்பர் கிளப் மாறுவதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எங்கே கோல் கம்பம் காலியாக இருக்கிறதோ அங்கே போனால்தான் கீப்பருக்கு ஆட்டம்.

லுட்ஸ் ஃபான்னன்ஷ்டீல் 1973ல் பவேரியக் காட்டுப் பக்கம் ட்ஸ்வீசல் என்ற ஊரில் பிறந்தவர். ஜெர்மனியின் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடியவர். பயர்ன் மியூனிக்கின் அமெச்சூர் அணி கூப்பிட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு மலேசியாவுக்கு, பினாங்கு அணிக்குப் போனார். அங்கே ஆரம்பித்த ஓட்டம். விம்பிள்டன், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்று இங்கிலாந்து கிளப்புகளில் ஆடினார். தென்னாப்பிரிக்காவில் ஆர்லாண்டோ பைரேட்ஸ், பின்லாந்தில் ஹாகா, சிங்கப்பூரில் இரண்டு கிளப், பிறகு நியூசிலாந்து, நார்வே, கனடா, அல்பேனியா, அர்மேனியா. 2008ல் பிரேசில். அப்புறம் நமீபியா. ஆறு கண்டத்திலும் தொழில்முறையாக ஆடிய முதல் ஆள்.

நிலைக்காத ஆளை இத்தனை பேர் ஏன் கூப்பிடுகிறார்கள்? அதை யோசியுங்கள். மீதி நாளைக்கு.

15 ஜனவரி, காலை 7.10

இரண்டு திருத்தம்.

ஒன்று, "ஆறு கண்டம்" என்று எழுதியது தவறு. ஃபிஃபாவுக்குக் கீழே இருக்கும் ஆறு கூட்டமைப்புகள் என்பதுதான் சரி. வரைபடமும் இதுவும் ஒத்துப்போகாது. அர்மேனியா ஐரோப்பாவில் ஆடும். ஆஸ்திரேலியா 2006லிருந்து ஆசியாவில் ஆடுகிறது. தென் அமெரிக்க மண்ணில் இருக்கும் கயானா வட அமெரிக்கக் கூட்டமைப்பில். ஆகவே கண்டம் கண்டமாகக் கால் வைத்தால் மட்டும் இந்தச் சாதனை வராது. அவருக்கு ஓசியானியாவைக் கொடுத்தது நியூசிலாந்து, வட அமெரிக்காவைக் கொடுத்தது கனடா. கடைசியாக மிச்சமிருந்த தென் அமெரிக்கக் கட்டத்தை நிரப்பியது பிரேசில் கிளப். அந்த கிளப்பின் பெயர் ஹெர்மன் ஐச்சிங்கர். உலகத்தைச் சுற்றி முடிக்க பிரேசிலுக்குப் போனால் வாசலில் ஜெர்மன் பெயர்ப்பலகை! ஜெர்மானியர்கள் நிறையப் பேர் குடியேறிய சாந்தா கத்தரீனா மாநிலத்தில் இருக்கிறது அது.

இரண்டு, விம்பிள்டனிலும் ஃபாரஸ்டிலும் "ஆடினார்" என்று நேற்று எழுதியது கொஞ்சம் தாராளம். இரண்டு இடத்திலும் ஒப்பந்தம் இருந்தது, பயிற்சி இருந்தது, முதல் அணியின் லீக் ஆட்டம் கிடைக்கவில்லை. கேள்வி கேட்ட தம்பிக்கு இது ஒரு பாயிண்ட். எடுத்துக்கொள்ளட்டும்.

15 ஜனவரி, மதியம்

சும்மா ஒரு தகவல். ஃபான்னன்ஷ்டீல் என்றால் ஜெர்மனில் வாணலிக் காம்பு. பிடி நழுவக் கூடாத வேலைக்கு இதைவிடப் பொருத்தமான குடும்பப் பெயர் கிடைக்காது.

16 ஜனவரி, இரவு 11.25

சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் மேலே சரியாகக் குத்தியிருக்கிறார்: "அவர் மேட்ச் ஃபிக்ஸிங் கேஸில் உள்ளே போனவர், அதை ஏன் சொல்லலை?" உண்மைதான். பிடித்த ஆளைப் பற்றி எழுதும்போது கை தானாகவே சிலதைத் தாண்டிப் போய்விடுகிறது.

கேலாங் யுனைடெட் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோது கைதானார். நீதிமன்றம் குற்றவாளி என்றது. சிறையில் 101 நாள். அவர் அன்றிலிருந்து இன்றுவரை மறுக்கிறார். ஒருவரிடம் "நாங்கள் ஜெயிப்போம்" என்ற மாதிரி வாய்விட்டதைத் தவிர வேறு எதுவும் இல்லை, ஒரு ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை என்கிறார். தீர்ப்பு ஒரு பக்கம், அவர் சொல் ஒரு பக்கம். வழக்குக் கட்டைப் படிக்காத நான் நடுவில் நின்று நீதி சொல்லப் போவதில்லை.

கீப்பராக ஒன்று மட்டும் சொல்ல முடியும். ஸ்ட்ரைக்கர் காலி கம்பத்தில் அடிக்காமல் விட்டால் "ஐயோ பாவம்". கீப்பர் கையிலிருந்து பந்து நழுவினால் "எவ்வளவு வாங்கினான்?" பத்தாயிரம் பேர் பார்க்கும் ஆட்டமானாலும் பத்துப் பேர் பார்க்கும் ஆட்டமானாலும் இதே பேச்சுதான். அதிலும் அவன் வெளியூர்க்காரனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஊர் ஊராகப் போகும் கீப்பர் ஒவ்வொரு ஊரிலும் இந்தச் சந்தேகத்தை முதலிலிருந்து கடக்க வேண்டும். பழைய ஊரில் சம்பாதித்த நம்பிக்கையைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போக முடியாது.

சிறையிலிருந்து வந்தவர் ஆட்டத்தை விடவில்லை. நியூசிலாந்தில் டனீடின் டெக்னிகல், இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூ என்று இரண்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தார். ஒரு ஊரில் குளிர்காலம் என்றால் மறு ஊரில் கோடை, சீசனும் அப்படித்தான் மாறி மாறி வரும். பறவைகள் செய்யும் வேலையை கிளவுஸ் போட்டுக்கொண்டு செய்தார்.

2002 டிசம்பர் 26. ஹாரோகேட் டவுன் அணியோடு ஆட்டம். பந்தை எடுக்கத் தரையில் பாய்ந்தார், எதிரணி ஃபார்வர்டின் முழங்கால் நெஞ்சில் ஏறியது. மூச்சு நின்றது. ஒரு முறை இல்லை, மூன்று முறை. அணியின் பிசியோ வாயோடு வாய் வைத்து ஊதி உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

அந்த ஃபார்வர்ட் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தப் பந்தை அவனும் எடுக்கத்தான் வந்தான். இதை எழுதும்போது என் விலா வலிக்கிறது, நிஜமாக. ஃபார்வர்டும் கீப்பரும் ஒரே பந்துக்கு ஓடி வரும்போது, ஃபார்வர்டுக்குக் காலை இழுத்துக்கொள்ள அரை நொடி உண்டு. கீப்பர் தலையையும் நெஞ்சையும் முன்னால் போட்டாகிவிட்டது. அவனுக்கு இழுத்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை.

அப்புறம் என்ன ஆனது? மறுபடி கம்பத்துக்கு நடுவே வந்து நின்றார்.

17 ஜனவரி, காலை

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தால் ரசிகர் மன்றத் துண்டுப் பிரசுரம் மாதிரி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன்.

இவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி அவரே சொன்னது. நியூசிலாந்தில் ஒரு பென்குவினைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக் குளியல் தொட்டியில் விட்டாராம், கிளப் தலைவருக்குத் தெரிந்து "நாட்டை விட்டே துரத்துவார்கள், கொண்டுபோய் விடு" என்று கத்தினாராம், திருப்பிக் கொண்டுபோய் விட்டாராம். நல்ல கதை. நடந்திருக்கலாம். ஆனால் உடை மாற்றும் அறையில் ஐந்து வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அறையில் கதைக்கு ஒவ்வொரு சீசனும் கொஞ்சம் சதை ஏறும். நான் ஒரே கையால் தட்டிவிட்ட ஒரு பந்து, இன்றைக்கு எங்கள் ஆட்களின் வாயில் பெனால்டியாக மாறிவிட்டது. நானும் மறுப்பதில்லை.

17 ஜனவரி, இரவு 9.50

"நல்ல கீப்பரை எந்த கிளப்பும் விடாது" என்ற வரிக்குத் திரும்ப வருகிறேன். அது என்னைத் தூங்க விடவில்லை.

விடாது, சரி. ஆனால் விடாமல் வைத்துக்கொண்டு என்ன செய்யும்? ரிச்சர்ட் ரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்கு ஆடியவர். 2012ல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். 2016 வரை நான்கு வருடம் இருந்தார். போட்டி ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. பூஜ்யம். தினமும் பயிற்சிக்கு வந்து, மற்ற கீப்பர்களுக்குப் பந்து போட்டுக் கொடுத்து, வீட்டுக்குப் போனார். அதே கிளப்புக்கு ஸ்காட் கார்சன் 2019ல் வந்தார், ஆடியது இரண்டே ஆட்டம். 2021ல் அந்த முதல் ஆட்டத்திலேயே நியூகாசிலுக்கு எதிராக ஒரு பெனால்டியைத் தடுத்தார், திரும்பி வந்த பந்தை அதே ஆள் உள்ளே போட்டுவிட்டான். கார்சனின் கணக்கில் இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பை உண்டு: 2005ல் லிவர்பூல், 2023ல் சிட்டி. இரண்டு இறுதியையும் பெஞ்சிலிருந்து பார்த்தார்.

நான் இவர்களைக் குறை சொல்லவில்லை. நல்ல சம்பளம், குடும்பம் ஒரே ஊரில், பிள்ளைகள் ஒரே பள்ளியில். ஃபான்னன்ஷ்டீல் அதைக் கொடுத்து 500 ஆட்டத்துக்கு மேல் வாங்கினார். இரண்டில் எது நல்ல வாழ்க்கை என்று கேட்டால் எனக்கு இன்னும் பதில் தெரியாது. எது கீப்பர் வாழ்க்கை என்று கேட்டால் தெரியும்.

18 ஜனவரி, அதிகாலை 1.05

தூக்கம் வரவில்லை, என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி அணியில் நான் முதல் கீப்பர். அப்புறம் ஒரு அலுவலக அணி, கீழ்டிவிஷன் லீக். முதல் சீசன் நான்தான். இரண்டாவது சீசன் நான்காவது ஆட்டம், மழை பெய்து ஓய்ந்த மைதானம். பந்து தோலெல்லாம் சேறு. இடது பக்கத்திலிருந்து ஒரு கிராஸ் வருகிறது, அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கி அடிக்கிற பந்து, அதுவும் வளைந்து வெளியே போகிற கிராஸ். நான் கோல் லைனை விட்டு இரண்டு எட்டு வைத்துவிட்டேன். இரண்டு எட்டு வைத்தால் மூன்றாவது எட்டும் வைத்தே ஆக வேண்டும், திரும்பிப் போக முடியாது. வைத்தேன். கிளவுஸ் நுனியில் பந்து பட்டது, அந்த ஈரமான 'சட்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பின்னால் நின்ற எதிரணிக்காரன் தலையை ஆட்டக்கூட இல்லை, பந்து அவன் நெற்றியில் பட்டு உள்ளே போனது. அடுத்த ஆட்டம் வேறொருத்தன்.

அதற்கப்புறம் இரண்டு வருடம். ரிசர்வ் கீப்பரின் வேலை என்ன தெரியுமா? ஆட்டத்துக்கு முன்னால் முதல் கீப்பரைச் சூடேற்றுவது. அரை மணி நேரம் நான் அவனுக்குப் பந்து அடிக்க வேண்டும். முதலில் நெஞ்சுக்கு நேராக, அப்புறம் தரையோடு, அப்புறம் மூலைக்கு. அவன் நம்பிக்கையோடு உள்ளே போக வேண்டும் என்பதற்காகக் கடைசிப் பத்துப் பந்து கொஞ்சம் பிடிக்கிற மாதிரி அடிக்க வேண்டும். என் இடத்தில் நிற்கிறவனை ஒவ்வொரு வாரமும் நானே தயார் பண்ணி அனுப்பினேன். அவன் நல்ல பையன் வேறு. கெட்டவனாக இருந்திருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

நடுவில் வேறு மாவட்ட அணி ஒன்று கூப்பிட்டது. கீப்பர் இல்லை, வந்தால் எல்லா ஆட்டமும் உனக்கு என்றார்கள். வேலை இருக்கிறது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். இரண்டும் உண்மை. ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. இங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது, அங்கே போனால் யாரோ ஒரு நெட்டையன்.

அந்த ஒரு கிராஸ்தான் என்னை உட்கார வைத்தது. அந்த ஒரு 'இல்லை'தான் என்னை எழுந்திருக்க விடவில்லை. அதனால்தான் இந்த 25 கிளப் ஆளை எனக்குப் பிடிக்கிறது. போதுமா தம்பி?

18 ஜனவரி, மாலை

எல்லாரும் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். வேண்டாம். ஆட்டத்துக்கு வருவோம்.

ஜான் பர்ரிட்ஜ் பெயரை ஒருவர் போட்டிருக்கிறார், நன்றி, மறந்தே போனேன். இங்கிலாந்துக்காரர், 29 கிளப் கணக்கு. 1995ல் மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடியபோது வயது 43 தாண்டி 162 நாள். பிரீமியர் லீக்கில் ஆடியவர்களில் அவர்தான் மூத்தவர். ஆட்டத்துக்கு முந்தைய ராத்திரி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவாராம், சாப்பிடும் நேரத்தில் மனைவியைப் பழம் எறியச் சொல்லிப் பிடிப்பாராம். பைத்தியம். ஆனால் பிற்பாடு ஓமனில் பயிற்சியாளராக இருந்தபோது அலி அல் ஹப்சி என்ற பையனைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அந்தப் பையன் நார்வே போய், போல்டன், விகன் என்று பிரீமியர் லீக் வரை வந்தான். ஒரு நாடோடி கீப்பர் இன்னொரு நாடோடி கீப்பரை உண்டாக்கினார்.

19 ஜனவரி, காலை

"நம்ம சென்னையின் எஃப்சிக்கு ஆடின ஏடல் மட்டும் என்ன குறைச்சலா?" அதானே! அபூலா ஏடல். கேமரூனின் யாவுண்டேயில் பிறந்தவர். பையனாக அர்மேனியாவுக்குப் போய் பியூனிக் கிளப்பில் ஆடி, அர்மேனியாவின் தேசிய அணிக்கே ஆடினார். ருமேனியாவில் ராபிட் புக்கரெஸ்ட், அப்புறம் பாரிஸ் சான் ஜெர்மான், இஸ்ரேலில் ஹபோயெல் டெல் அவிவ். 2014ல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) முதல் சீசனில் கொல்கத்தா அணியோடு கோப்பை. அடுத்த வருடம் சென்னையோடு கோப்பை. அணி மாறினார், கோப்பையும் கூடவே மாறி வந்தது.

2015 அரையிறுதி நினைவிருக்கிறதா? வெள்ளத்தால் சென்னையின் சொந்த மைதான ஆட்டம் புனேவுக்குப் போனது. எதிரணி யார்? அவருடைய பழைய கொல்கத்தா. 3-0 ஜெயித்தோம். நாடோடி கீப்பருக்குச் சொந்த மைதானம் எதுவாக இருந்தால் என்ன! கம்பத்துக்குக் கம்பம் 7.32 மீட்டர், உயரம் 2.44. பினாங்கிலும் அதே, அர்மேனியாவின் யெரெவானிலும் அதே, புனேயிலும் அதே. அவர்கள் வேலை பார்க்கும் அறை உலகம் முழுக்க ஒரே அளவு.

முதல் சீசனில் கேரளாவின் கம்பத்துக்கு நடுவே நின்ற இங்கிலாந்துக்காரர் டேவிட் ஜேம்ஸையும் சேருங்கள். லிவர்பூல், வில்லா, வெஸ்ட் ஹாம், சிட்டி, போர்ட்ஸ்மவுத் எல்லாம் பார்த்துவிட்டு, நடுவில் ஐஸ்லாந்துக்கும் போய்விட்டுக் கொச்சிக்கு வந்தார். பயிற்சியாளரும் அவரே, கீப்பரும் அவரே. பயிற்சியாளரே கீப்பர் என்றால் ரிசர்வ் கீப்பர் யாரிடம் போய் முறையிடுவான் என்பதுதான் என் கவலை.

எதிர்த்திசையில் போனவர் இந்தியக் கீப்பர் குர்பிரீத் சிங் சந்து. 2014ல் நார்வேயின் ஸ்டாபேக் கிளப். காத்திருந்து, முதல் அணியில் ஆடி, யூரோப்பா லீக் தகுதிச் சுற்றிலும் நின்றார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

20 ஜனவரி, இரவு

நேற்று "ஒரே அளவு அறை" என்று பெரிதாக எழுதினேன். பாதிதான் சரி. கம்பம் ஒரே அளவு, முன்னால் நிற்கும் நான்கு பேர் ஒரே ஆட்கள் இல்லையே.

கீப்பர் வேலையில் பாதி வாய். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போதும் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். "ஏறு ஏறு", "பின்னாடி ஆள்", "இடது பக்கம் விடாதே", "என்னுது, விடு". இதில் "என்னுது" என்பது உயிர் போகிற சொல். அரை நொடி தாமதமாகச் சொன்னால் டிஃபண்டர் தலையும் கீப்பர் கையும் ஒரே இடத்தில் சந்திக்கும். ஃபின்னிஷ், அல்பேனியன், அர்மேனியன், போர்ச்சுகீஸ் என்று ஒவ்வொரு முறையும் அதை முதலிலிருந்து கற்க வேண்டும். இலக்கணம் தேவையில்லை, பதினைந்து சொல் போதும். ஆனால் அந்தப் பதினைந்தும் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். பயம் வந்தால் மனிதன் தாய்மொழிக்குத்தான் ஓடுவான். அர்மேனிய டிஃபண்டரைப் பார்த்து பவேரியக் கொச்சையில் கத்தினால் அவன் திரும்பிப் பார்ப்பான். கிராஸ் வரும்போது டிஃபண்டர் திரும்பிப் பார்த்தால் கதை முடிந்தது.

ஏடல், பர்ரிட்ஜ், ஃபான்னன்ஷ்டீல் எல்லாரும் பெருவாய்க்காரர்கள் என்பது தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது. (ஏடலை எடுத்துவிடுகிறேன், அவர் எப்படிக் கத்துவார் என்று எனக்கு நிஜமாகவே நினைவில்லை. மற்ற இரண்டு பேருக்கு அவர்கள் சொன்ன கதைகளே சாட்சி.)

21 ஜனவரி, மதியம்

ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரே சீசனில் எத்தனை கிளப் மாறலாம்? ஃபிஃபா விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவு செய்யலாம், அதில் இரண்டுக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். சீசன் ஒன்றோடொன்று இடிக்கும் நாடுகளுக்கு இடையே மாறினால் கொஞ்சம் தளர்வு உண்டு. ஃபான்னன்ஷ்டீல் மாதிரி தெற்கும் வடக்குமாகப் போகிறவர்களுக்கு அந்தத் தளர்வுதான் சோறு.

இன்னொருவர், "சுற்றுச்சூழலுக்காக குளோபல் யுனைடெட் என்று அணி ஆரம்பித்தாரே, அவர் பறந்த விமானங்களின் புகைக்கு யார் கணக்கு?" சிரித்துவிட்டேன். பதில் இல்லை.

21 ஜனவரி, இரவு 10.15

ஆடுவதை நிறுத்திய பிறகு ஃபான்னன்ஷ்டீல் என்ன ஆனார் என்று கேட்டவருக்கு: ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் கிளப்புக்கு வீரர்களைத் தேடும் வேலை. 2018 கடைசியில் ஃபோர்ச்சுனா டூசல்டார்ஃப் கிளப்பின் விளையாட்டு இயக்குநர். 2020ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் சிட்டிக்கு அதே பொறுப்பில் போனார். அப்போது அந்த கிளப்பிடம் ஒரு வீரர்கூட இல்லை, எல்லாம் முதலிலிருந்து. முதல் ஆட்டம் ஆடுவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே பிடித்துப்போட்ட ஆள் யார் தெரியுமா? கீப்பர். ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் இடம் போய் உட்கார்ந்திருந்த ரோமன் புர்கி. 2023ல் புது அணி முதல் ஐந்து ஆட்டத்தையும் ஜெயித்தது, அமெரிக்க லீக்கில் எந்தப் புது அணியும் அதுவரை செய்யாதது. மேற்குப் பிரிவில் முதலிடம். புர்கிக்கு வருடத்தின் சிறந்த கீப்பர் விருது. நாக்அவுட்டில் முதல் சுற்றிலேயே கான்சாஸ் சிட்டியிடம் தோற்று வெளியே போனார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெஞ்சில் இருக்கும் கீப்பரின் அருமை பெஞ்சில் இருந்தவனுக்குத்தான் தெரியும். கேள்வி கேட்ட தம்பி, உங்கள் வரியை இப்படி மாற்றிக்கொள்ளலாமா: நல்ல கீப்பரை கிளப் விடாது, ஆனால் ஆட விடவும் செய்யாது.

23 ஜனவரி, இரவு 11.40

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்தேன்.

என் பழைய அணியின் சென்டர் பேக்குக்கு, அதாவது எனக்கு முன்னால் நின்ற டிஃபண்டருக்கு, போன் பண்ணினேன். பதினாலு வருடம் இருக்கும். நலம் விசாரித்துவிட்டு இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். கீப்பர் கத்துவது பற்றி எழுதியிருக்கிறேன், நான் அப்போது என்னவெல்லாம் கத்துவேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா, இன்னும் இரண்டு சொல் சேர்க்கலாம் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "நீ எங்கடா கத்துவே?"

"கத்தாமலா?"

"வாயையே திறக்க மாட்டே. நானும் ரைட் பேக்கும் ஒவ்வொரு கிராஸுக்கும் திரும்பித் திரும்பிப் பாப்போம், நீ வர்றியா இல்லையான்னு. கோச்சுகிட்ட நாங்கதான் போய்ச் சொன்னோம்."

அந்த மழை ஆட்டத்து கிராஸ் பற்றிக் கேட்டேன். எந்த கிராஸ் என்றான். சொன்னேன். நினைவில்லை என்றான். அந்த ஆட்டத்தில் நாங்கள் 4-1 ஜெயித்தோமாம். அந்த ஒரு கோல் நான் விட்டது, அது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் போட்ட நான்கும் சுத்தமாக இல்லை.

"உனக்கு அப்புறம் வந்தான் பாரு, ரெண்டு பந்து பிடிச்சா மூணு பந்து விடுவான். ஆனா என்ன கத்து கத்துவான்! பின்னாடி ஆள் இருக்குன்னு தைரியமா இருக்கும்."

போனை வைக்கும்போது, "இவ்வளவு எழுதுறியே, அப்பவே இதுல பாதி பேசியிருக்கலாம்" என்றான்.

24 ஜனவரி, காலை 6.50

18ஆம் தேதி அதிகாலைக் குறிப்பை நீக்கலாமா என்று பார்த்தேன். விட்டுவிடுகிறேன். கிராஸ் வந்தது உண்மை, சேறு உண்மை, 'சட்' சத்தம் உண்மை. "அந்த ஒரு கிராஸ்தான் என்னை உட்கார வைத்தது" என்ற வரியை மட்டும் அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.